தொப்பியிலிருந்து ஒரு குரல்

ஒரு காற்பந்துத் திடலுக்குப் போய் ஒரு கோல் கம்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிரே தெரியும் கம்பம் எவ்வளவு தூரம் என்று உடன் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் எண்பது மீட்டர் என்பார். இன்னொருவர் நூற்றிருபது என்று அடித்துச் சொல்வார். அனைத்துலகப் போட்டிகள் நடக்கும் திடலின் வழக்கமான நீளம் 105 மீட்டர். சமதளமாக்கி, கோடு போட்டு, கம்பம் நட்டு வைத்த இடத்திலேயே நம் கண் இப்படித் தடுமாறுகிறது.

கோல்ஃப் திடலில் அந்த உதவி எதுவும் இல்லை. முன்னால் ஒரு குளம் இருக்கும். அதற்கு அப்பால் ஒரு மேடு, மேட்டின் மேல் சிறியதாக ஒரு கொடி. நீரின் மேல் பார்க்கும்போது தூரம் குறைவாகத் தோன்றும். இருபுறமும் மரங்கள் அடர்ந்திருந்தால் கூடுதலாகத் தோன்றும். ஆட்டக்காரரின் பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம். ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய பத்து மீட்டர்தான். கண் பதினைந்து மீட்டர் பிசகினால் கையில் எடுத்த மட்டையே தவறு. பந்து குளத்துக்குள் போன பிறகு அடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தச் சிக்கலுக்கு வந்திருக்கும் ஒரு சின்னக் கருவியைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. தொப்பியின் விளிம்பிலோ இடுப்புப் பட்டையிலோ மாட்டிக்கொள்ளலாம். பொத்தானைத் தட்டினால், கொடி நிற்கும் கிரீனின் நடுப்பகுதிவரை எவ்வளவு தூரம் என்று வாய்விட்டுச் சொல்லும். திரையைப் பார்க்க வேண்டாம், பையைத் திறக்க வேண்டாம். கொரிய நிறுவனங்களான வாய்ஸ் கேடி, கோல்ஃப்படி ஆகியவை இந்த வகைக் கருவிகளுக்குப் பேர்போனவை.

‘கோல்ஃப் எல்லாம் நமக்கெதற்கு’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த விளையாட்டு நம்மவர்களுக்குப் புதிதல்ல. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்ற பெயர்கள் மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் நன்கு அறிமுகமானவை. இன்று அலுவலகத்தில் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே, ‘சனிக்கிழமை காலையில் கிளையண்டோடு ஒரு ஆட்டம், வருகிறாயா’ என்று மேலாளர் கேட்கும் நிலை பல இளையருக்கு வருகிறது. ஓய்வுபெற்ற அப்பாவுக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று தேடும் பிள்ளைகளின் கண்ணிலும் இந்தக் கருவி படுகிறது. அதனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வானத்திலிருந்து வரும் கணக்கு

ஒரு காலத்தில் தூரத்தை ஆட்டக்காரரும் கேடியும் கண்ணால்தான் அளந்தார்கள். ஜாக் நிக்லஸ் 1961இல் பெபிள் பீச் திடலில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டிக்கு முன்னால், சக ஆட்டக்காரர் டீன் பீமன் சொன்ன யோசனைப்படி, திடலைக் காலடியால் அளந்து குறித்துக்கொண்டார். அந்தப் போட்டியில் வென்றார். அதன் பிறகு தூரக் குறிப்பேடு இல்லாமல் விளையாடுவது அரிதாகிவிட்டது. மரமும் நீர் தெளிப்பானும் மணற்குழியும் அந்தக் குறிப்பேட்டின் அடையாளங்கள்.

இப்போது அந்தக் குறிப்பேட்டின் இடத்துக்கு ஜிபிஎஸ் வந்திருக்கிறது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிட்டுவிடும். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீட்டர் தவறிவிடும். அவ்வளவு நுணுக்கமான கணக்கு அது.

முதலில் இது அமெரிக்க இராணுவத்தின் சொத்து. 1983இல் கொரிய விமானம் ஒன்று வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுடப்பட்டதில் 269 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் இந்த வசதி வழங்கப்படும் என்று அதிபர் ரேகன் அறிவித்தார். அப்போதும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அதற்கு முன்பு நூறு மீட்டர்வரை தவறக்கூடிய கருவி கோல்ஃபுக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது.

நாம் நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. கிரீன் இருக்கும் இடம்? அது கருவியின் நினைவகத்தில் முன்பே பதிக்கப்பட்டிருக்கிறது. உலகெங்கும் உள்ள பல்லாயிரக்கணக்கான திடல்களின் வரைபடம் அதற்குள் இருக்கும். எந்தத் திடல், எத்தனையாவது குழி என்பதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரத்தைக் கணக்கிட்டு, ‘ஒன் ஃபிஃப்டி டூ’ என்று சொல்லும்.

மேகம் கூடினால், மழை பெய்தால் இது வேலை செய்யாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த அலைவரிசையை மழை அதிகம் பாதிப்பதில்லை. அடர்ந்த மரக்கூட்டத்துக்கு அடியில் நின்றால்தான் கணக்கு கொஞ்சம் ஆடும்.

குரல் சொல்லாத ஐந்து விஷயங்கள்

குரல் ஒன்று எண்ணைச் சொன்னால் நாம் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு நம்புவோம்.

முதலாவது, அது மீட்டரா யார்ட்டா? ஒரு யார்ட் 0.9144 மீட்டர். 150 மீட்டர் என்பது 164 யார்ட். 150 யார்ட் என்பது 137 மீட்டர். திடலின் பலகையும் மதிப்பெண் அட்டையும் மீட்டரில் இருக்க, கருவி யார்ட்டில் பேசினால் ஒரு மட்டைக்கும் மேலான தவறு முதல் அடியிலேயே வந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதைச் சரிபார்ப்பதுதான்.

இரண்டாவது, அது கிரீனின் நடுப்பகுதிக்கான தூரம், கொடிக்கான தூரம் அல்ல. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை 30 மீட்டர் நீளமுள்ள கிரீனை நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி 150 மீட்டர் என்றால் முன்விளிம்பு 135, பின்விளிம்பு 165. கொடி முன்பக்கம் இருந்தால் உங்களுக்குத் தேவையானது 140 ஆக இருக்கலாம். பல கிளப்களில் கொடியின் நிறத்தை வைத்தே அது முன்னாலா, நடுவிலா, பின்னாலா என்று தெரிந்துகொள்ளலாம். முன்விளிம்பு, பின்விளிம்பு தூரத்தையும் கேட்டால் சொல்லும் கருவிகள் உண்டு. குளத்தைத் தாண்ட வேண்டிய இடத்தில் முன்விளிம்பின் எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

மூன்றாவது, அது நேர்கோடு. ஃபேர்வே இடப்பக்கம் வளைந்து போகும் குழியில் நின்று கேட்டால், மரங்களின் ஊடே பறக்கும் காக்கைக்கான தூரத்தைத்தான் அது சொல்லும். உங்கள் பந்து காக்கை அல்ல.

நான்காவது, வரைபடத்துக்கும் வயதாகும். திடல்களைப் புதுப்பிக்கும்போது கிரீனை இடம் மாற்றுவார்கள். சில திடல்களே இல்லாமல் போகும். சிங்கப்பூரில் ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016இல், ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018இல், மெரினா பே கோல்ஃப் திடல் 2024இல் மூடப்பட்டன. பழைய கருவி ஒன்றின் நினைவகத்தில் அந்தத் திடல்கள் இன்னும் அப்படியே இருக்கும். கணினியோடு இணைத்து வரைபடத்தைப் புதுப்பிக்கும் வேலையை ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்துவிடுங்கள்.

ஐந்தாவது, எந்த ஜிபிஎஸ் கருவியிலும் சில மீட்டர் பிழை இருக்கும். திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர்வரை என்று வைத்துக்கொள்ளலாம். ‘152’ என்று கேட்டால் அதைச் சுமார் 150 என்று எடுத்துக்கொள்வதே சரி. லேசர் கருவி கொடிக் கம்பத்தையே குறிவைத்து ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியத்தில் சொல்லும். ஆனால் கை நடுங்காமல் பிடிக்க வேண்டும், கொடி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் எண் எது?

கருவி சொல்வது நிலத்தின் தூரம். உங்கள் 7ஆம் எண் அயர்ன் எவ்வளவு தூரம் போகும் என்று அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியாவிட்டால், ‘152’ என்ற தகவலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

வார இறுதி ஆட்டக்காரர்கள் பலரைக் கேட்டால் ஒரு எண்ணைச் சட்டென்று சொல்வார்கள். ‘என் 7ஆம் எண் 140 போகும்.’ பயிற்சித் திடலில் இருபது பந்துகளை அடிக்கச் சொல்லுங்கள். பதினைந்து பந்துகள் 115 முதல் 125க்குள் விழும். மூன்று தரையோடு உருளும். ஒன்று 130 போகும். ஒன்றே ஒன்று 140ஐத் தொடும். அந்த ஒன்றைத்தான் அவர் தன் தூரம் என்று மனத்தில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு 140 மீட்டரில் குளம் இருந்தால், பத்து முறையில் ஒன்பது முறை பந்து குளத்தில்தான்.

இதைச் சரிசெய்ய அதே கருவி உதவும். அடித்த தூரத்தை அளக்கும் வசதி இந்த வகைக் கருவிகள் பலவற்றில் உண்டு. கூட்டமில்லாத வார நாள் மாலையில் போங்கள். அடித்த இடத்தில் அளவையைத் தொடக்கிவிட்டு, பந்து விழுந்த இடத்துக்கு நடந்து போய்க் கேளுங்கள். மிக நீண்ட இரண்டையும் மிகக் குட்டையான இரண்டையும் தள்ளிவிட்டு, மீதியின் சராசரியை ஒரு சிறிய அட்டையில் மட்டை வாரியாக எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சித் திடலில் கொடுக்கும் பந்துகள் பழசாகி, வழக்கமான பந்தைவிடக் குறைவாகவே பறக்கும். அதனால் திடலில் எடுக்கும் அளவே நம்பகமானது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் கவனம் வேண்டும். பந்து உருண்டு நின்ற இடத்தை மட்டும் அளக்காமல், முதலில் தரையில் பட்ட இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பந்து பட்ட இடத்தில் புல்லில் சிறு பள்ளம் தெரியும். மழைக்காலத்தில் நம் ஃபேர்வேக்கள் நனைந்திருக்கும். பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். உருளும் தூரத்தை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் அந்த மாதங்களில் ஏமாந்துபோவார்கள். ஈரக்காற்று கனமானது, பந்தைப் பிடித்து இழுக்கும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் ஈரக்காற்று வறண்ட காற்றைவிட லேசானது. தூரத்தைக் குறைப்பது ஈரமான தரைதான்.

கேமரன் மலை போன்ற உயரமான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். மேட்டை நோக்கி அடித்தால் குறையும், பள்ளத்தை நோக்கி அடித்தால் கூடும். சில கருவிகள் இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லும். அங்கேதான் விதிமுறை குறுக்கே வருகிறது.

விதி எங்கே கோடு போடுகிறது?

தூரத்தை அளக்கும் கருவிகளை அந்தந்தப் போட்டியின் உள்ளூர் விதி மூலம் அனுமதிக்கலாம் என்ற நிலை 2006இல் வந்தது. 2019இல் வந்த புதிய விதிகள் அதைத் திருப்பிப் போட்டன. உள்ளூர் விதி தடுத்தால் ஒழிய, இப்போது எங்கும் பயன்படுத்தலாம். 2021இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் இத்தகைய கருவிகளை அனுமதித்த முதல் மேஜர் போட்டியானது.

ஆனால் அனுமதி தூரத்துக்கும் திசைக்கும் மட்டுமே. ஏற்ற இறக்கத்தை அளப்பதோ, ‘இந்த இடத்திலிருந்து இந்த மட்டையை எடு’ என்று கருவியிடமிருந்து பரிந்துரை பெறுவதோ போட்டியில் கூடாது. முதல் முறை மீறினால், அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் இரண்டு அடிகள் தண்டனை. இரண்டாம் முறை மீறினால் போட்டியிலிருந்தே நீக்கம். உங்கள் கருவியில் ஏற்ற இறக்க வசதி இருந்தால் கிளப் போட்டிக்கு முன்னால் அதை அணைத்துவிடுங்கள். அணைத்திருந்தால் கருவியைப் பயன்படுத்தத் தடையில்லை.

இதே எண்ணம் இன்னொரு விதியிலும் இருக்கிறது. ‘கொடி எவ்வளவு தூரம்?’ என்று எதிராளியைக் கேட்கலாம். தூரம் எல்லாருக்கும் பொதுவான தகவல். ‘எந்த மட்டையை எடுத்தாய்?’ என்று அவரைக் கேட்டால் அது ஆலோசனை கேட்பதாகும், அதற்குத் தண்டனை உண்டு. கிளையண்டோடு முதன்முதலாகக் களமிறங்கும் இளையர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. தூரம் எல்லாருக்கும் ஒன்றுதான். முடிவு அவரவருடையது.

யாருக்கு இது உண்மையில் தேவை?

கைத்தொலைபேசியில் இலவசச் செயலிகளே முன், நடு, பின் என்று மூன்று எண்களையும் காட்டிவிடும். கையில் கட்டும் கோல்ஃப் கடிகாரம் வரைபடத்தையே காட்டும். அப்படியிருக்க, சில நூறு ரிங்கிட் கொடுத்துப் பேசும் கருவி எதற்கு?

கண் நன்றாகத் தெரியும் முப்பது வயதுக்காரருக்கு இது வசதி மட்டுமே. முதலில் செயலியோடு ஆறு மாதம் விளையாடிப் பாருங்கள். அந்தப் பணத்தில் ஒரு பயிற்றுநரிடம் சில வகுப்புகள் போவது கூடுதல் பலன் தரும்.

ஆனால் பெட்டாலிங் ஜெயாவில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நீரிழிவு அவர் கண்ணைத் தொட்டது. உச்சி வெயிலில் திரை தெரியாது. 150 மீட்டர் கம்பும் தெரியாது. நான்கு பேர் ஆடும் ஃபிளைட்டில் ஒவ்வோர் அடிக்கும், “தம்பி, எவ்வளவுப்பா?” என்று கேட்க வேண்டியிருந்தது. கூட ஆடியவர்கள் முகம் சுளித்ததில்லை. “அங்கிள், 130தான், தாராளமா அடிங்க,” என்பார்கள். ஆனாலும் பதினெட்டுக் குழிகளிலும் கேட்டுக்கொண்டே இருப்பது அவருக்குப் பாரமாகிவிட்டது. முழங்கால் வலி என்று சொல்லி வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு தீபாவளிக்கு அவர் மகள் இந்தப் பேசும் கருவியை வாங்கிக் கொடுத்தார். இப்போது அவர் வாரம் தவறுவதில்லை. “முன்னாடி நான் பிள்ளைங்களைக் கேட்பேன். இப்ப பிள்ளைங்க என்னைக் கேட்குதுங்க,” என்று தெ தாரிக்கை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்ல அவருக்கு இன்னமும் இளையவர்களின் கண் வேண்டும். அதைக் கேட்பதில் அவருக்குக் கூச்சமில்லை, அதை எல்லாருமே கேட்கிறார்கள். தன் முறை வரும்போது தானாக நின்று, தானாக முடிவெடுத்து அடிக்கும் உரிமை மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருந்தால், ‘வயதாகிவிட்டது, இனி வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன்னால் அவரைத் தடுப்பது எது என்று விசாரித்துப் பாருங்கள். சில நேரங்களில் அது முழங்காலாக இருக்காது.

வாங்கிக் கொடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கடையிலேயே மாட்டிப் பார்த்து, பொத்தான் விரலுக்குத் தட்டுப்படுகிறதா, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதியுங்கள். ஒருமுறை மின்னூட்டினால் பதினெட்டுக் குழிகளுக்கு, அதாவது ஐந்து மணி நேரத்துக்காவது தாக்குப்பிடிக்க வேண்டும். வழக்கமாக விளையாடும் திடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டருக்கு மாற்றி, வரைபடத்தைப் புதுப்பித்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரு மாலை நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். கருவியைவிட அந்த ஒரு மணி நேரம்தான் பெரிய பரிசு.

பயன்படுத்துபவர்களுக்கும் இரண்டு வார்த்தை. அடுத்தவர் பந்தைக் குழிக்குள் தள்ளக் குனிந்திருக்கும்போது பொத்தானைத் தட்டாதீர்கள். ஒலியைக் குறைத்தே வையுங்கள். காதை அடைக்கும் ஒலிவாங்கியோடு திடலில் நடப்பதையும் தவிர்த்துவிடுங்கள். ‘ஃபோர்!’ என்ற எச்சரிக்கைக் குரலும், நம் நாட்டின் பிற்பகல் இடிமின்னலுக்கு முன்னால் ஒலிக்கும் அபாயச் சங்கும் உங்கள் காதில் விழ வேண்டும். தன் முறை வந்ததிலிருந்து 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்பது விதி தரும் பரிந்துரை. நடந்து வரும்போதே தூரத்தைக் கேட்டுக்கொண்டால் பின்னால் காத்திருக்கும் ஃபிளைட்டும் உங்களை வாழ்த்தும்.

கருவியை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். மட்டைக்கு மட்டை எழுதிய அந்தச் சிறிய அட்டைக்குச் செலவே இல்லை. முதலில் அதைத் தயார் செய்யுங்கள். அதில் உள்ள எண்கள் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், அவை உண்மையான எண்கள். அவற்றை நம்பி மட்டையை எடுக்கும் நாளிலிருந்து உங்கள் மதிப்பெண் அட்டையில் மாற்றம் தெரியும்.

அடுத்த வாரம் வேறொரு கருவியோடு சந்திப்போம்.